பழனிசெட்டிபட்டி, புழனிசெட்டிபட்டி ஆன கதை

தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில், நகரம் முடிந்ததே தெரியாமல் ஆரம்பித்துவிடுகிற ஊர் பழனிசெட்டிபட்டி. 1996-ல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டம் ஆனது. அதன்பின் கலெக்டரிடம் மனு கொடுக்க மதுரைக்கு பஸ் ஏற வேண்டிய தேவை இந்தப் பக்கத்து மக்களுக்கு இல்லாமல் போனது. மனு என்றால் கையால் எழுதிய காலமும் மெல்ல மாறி, ஜெராக்ஸ் கடையோடு ஒட்டிய டிடிபி கடைகளில் அடித்து வாங்குவது வழக்கமானது. தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் நடந்த மாற்றம்தான் இது.

அந்தக் கடைகளில் பாமினி என்ற ஃபாண்டை வைத்து மைக்ரோசாஃப்ட் வேர்டில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விசித்திரமான அனுபவம் இருந்திருக்கும். வாக்கியத்தின் முதல் சொல்லாக "பழனிசெட்டிபட்டி" என்று அடித்தால் திரையில் நிற்பது "புழனிசெட்டிபட்டி"! பின்னால் போய்த் திருத்தினால் அப்போதைக்குச் சரியாகும். அடுத்த வாக்கியத்தில் மறுபடியும் அதே கதை. ஃபாண்டை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினாலும் போகாது. வைரஸ் என்று சந்தேகப்பட்டு கம்ப்யூட்டரையே ஃபார்மேட் செய்தாலும் போகாது.

இந்த நோய் பள்ளத்தாக்கு முழுவதும் பரவக்கூடியது. கம்பம் "கும்பம்" ஆகும். உத்தமபாளையம் "ஊத்தமபாளையம்" ஆகும். பெரியகுளம் "பேரியகுளம்" ஆகும். ஆனால் தேனிக்கும் போடிக்கும் ஆண்டிபட்டிக்கும் ஒன்றும் ஆகாது! ஒரே ஃபாண்ட், ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆபரேட்டர். சில ஊர்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை? இதற்குப் பதில் தேடிப் போனால் நூறு வருடக் கதை ஒன்று கிடைக்கிறது.

முதலில் நோயின் காரணம். பாமினியில் "பழனி" என்று அடிக்க, ஆங்கில விசைப்பலகையில் ஜி, ஓ, டி, பி என்ற நான்கு விசைகளைத் தட்ட வேண்டும். (முதல் மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் கடவுள் என்று வரும். பழனி ஆண்டவரின் திருவிளையாடல் என்றே வைத்துக்கொள்ளலாம்!) கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. அது சேமித்து வைப்பது ஆங்கிலச் சிறிய எழுத்து ஜி-யின் எண்ணான 103-ஐத்தான். பாமினி ஃபாண்ட் அந்த எண்ணுக்கு எதிரே "ப" என்ற படத்தை வரைந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பெரிய எழுத்து ஜி-யின் எண் 71. அதற்கு எதிரே உள்ள படம் "பு".

வேர்டில் ஆட்டோகரெக்ட் என்று ஒரு வசதி உண்டு. 1993-ல் வந்த வேர்ட் 6.0-விலிருந்து இருக்கிறது. ஆங்கிலத்தில் வாக்கியம் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதால், சிறிய எழுத்தில் தொடங்கினால் அதுவே மாற்றிவிடும். 103 என்ற எண்ணைப் பார்த்தது, 71 என்று மாற்றியது. வேர்டைப் பொறுத்தவரை அது ஒரு ஆங்கில வாக்கியத்தைத் திருத்தி உதவி செய்திருக்கிறது. திரையில் "ப", "பு" ஆகிவிட்டது. கம்பத்தின் "க" சிறிய எஃப். பெரிய எஃப் என்றால் "கு". உத்தமபாளையத்தின் "உ" சிறிய சி. பெரிய சி என்றால் "ஊ". பெரியகுளத்தில் முதலில் தட்டுவது கொம்பு. அது சிறிய என். பெரிய என் ஆனால் இரட்டைக் கொம்பு. தேனியும் போடியும் பிறக்கும்போதே இரட்டைக் கொம்போடு, அதாவது பெரிய எழுத்து என்-னோடு, தொடங்குகின்றன. ஆண்டிபட்டியின் "ஆ"வும் பெரிய எழுத்துதான். திருத்த எதுவும் இல்லாததால் வேர்ட் அவற்றை விட்டுவிடுகிறது.

அதே ஆட்டோகரெக்ட்டில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு சொல் இரண்டு பெரிய எழுத்துகளில் தொடங்கி, அடுத்தது சிறிய எழுத்தாக இருந்தால், கைதவறி ஷிஃப்டை அதிக நேரம் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டாவதைச் சின்னதாக்கிவிடும். "குறுகிய" என்ற சொல்லில் கு, று இரண்டுமே பெரிய எழுத்துகள். விளைவு, "குறகிய காலக் கடன்". வாக்கியத்தின் நடுவில் வருவதால் இதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

மருந்து எளிதுதான். ஆட்டோகரெக்ட் பெட்டியைத் திறந்து இந்த இரண்டு டிக் குறிகளையும் எடுத்துவிட்டால் போதும். ஆனால் நோய் ஃபாண்டில் இருப்பதாகவே எல்லோரும் நினைத்ததால் மருந்தைத் தேடிய இடம் தவறாகிப்போனது. தமிழ்க் கணிமையின் முதல் இருபது வருடங்களில் "ஃபாண்ட் பிரச்சினை" என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான். ஃபாண்ட் என்பது படம் மட்டுமே. பிரச்சினை எண்ணில் இருந்தது.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? கம்ப்யூட்டருக்கு வெகு முன்பிருந்தே வந்தன.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்தவர் ஆர். முத்தையா. பிழைப்புக்காக மலாயா, சிங்கப்பூர் பக்கம் போனவர். ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்து, இதைப்போலத் தமிழுக்கு ஏன் இல்லை என்று யோசித்து, தமிழ் எழுத்துகளை ஒரு விசைப்பலகைக்குள் அடக்கும் வேலையில் இறங்கினார். தமிழில் 247 எழுத்துகள். இயந்திரத்திலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். அவர் கண்ட வழி, எழுத்துகளை உறுப்புகளாகப் பிரிப்பது. கொம்பு தனி, கால் தனி. புள்ளி, விசிறி போன்றவை மேலே விழ வேண்டும் என்பதால், அந்த விசைகளை அழுத்தினால் உருளை நகராது. ஆனால் "கு, து, பு, மு" போன்றவற்றை இப்படிப் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் உகரம் ஒவ்வொரு மாதிரி ஒட்டுகிறதே! ஆகவே ஷிஃப்ட் விசையோடு "க" அழுத்தினால் "கு", "ப" அழுத்தினால் "பு" என்று வைத்தார்கள். ஜெர்மனியில் செய்து வரவழைக்கப்பட்ட அந்த இயந்திரத்தின் வழியாக ஒரு விசைப்பலகை நிலைபெற்றது. "ய ள ன க ப" என்று இடது கையால் தொடங்கும் அந்த வரிசையை, தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் லோயர், ஹையர் படித்த எவருடைய விரலும் தூக்கத்தில்கூட அடிக்கும். பழனிசெட்டிபட்டியைப் புழனிசெட்டிபட்டி ஆக்கிய "ப - பு" உறவு பிறந்தது இங்கேதான். முத்தையாவின் ஏற்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. வேர்டிலும் பெரிய குறை இல்லை. இரண்டும் சந்தித்துக்கொண்டதுதான் விபத்து.

1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை வெளியிட்டது. பெரியார் 1935-லிருந்தே தன் பத்திரிகையில் பயன்படுத்திவந்த வடிவங்கள் அவை. ணை, லை, ளை, னை போன்றவற்றின் தும்பிக்கை போனது, ணா, றா, னா-வின் சுழி போனது. இதனால் தட்டச்சுக்கும் பின்னால் வந்த கம்ப்யூட்டருக்கும் தேவையான தனி வடிவங்கள் கணிசமாகக் குறைந்தன.

1980-களில் தனி நபர் கம்ப்யூட்டர்கள் வந்தபோது தமிழை அதில் ஏற்ற முதலில் முயன்றவர்கள் பலரும் கடல் கடந்து இருந்த தமிழர்கள். கனடாவில் கு. சீனிவாசன் ஆதமி என்ற மென்பொருளை எழுதினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் மயிலை என்ற ஃபாண்டை இலவசமாகக் கொடுத்தார். ஈழத்தமிழர்கள் மத்தியில் பாமினி பரவியது. தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் வானவில், ஸ்ரீலிபி என்று வணிக மென்பொருள்கள் வந்தன. பத்திரிகைகள் இணையத்துக்கு வந்தபோது ஆளுக்கொரு ஃபாண்டோடு வந்தன.

எல்லோருக்கும் கிடைத்தது ஒரே அளவு நிலம்தான். ஒரு பைட்டில் 256 எண்கள். முதல் பாதியில் ஆங்கிலம் குடியிருக்கிறது, இரண்டாம் பாதியில் ஐரோப்பிய மொழிகளின் குறிகள் இருக்கின்றன. தமிழுக்கு என்று சொந்த இடம் இல்லை. ஆகவே ஆளுக்கொரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். பாமினி ஆங்கிலத்தின் வீட்டில் குடியேறியது. மற்றவர்களில் சிலர் பின் பாதியைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க ஒரு பொது இடமும் அன்று இல்லை.

"தமிழ்" என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பாமினியில் அது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. டிஸ்கி என்ற குறியேற்றத்தில் அதே சொல் 190, 193, 162, 250 என்ற நான்கு எண்கள். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் இது முக்கால் பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஏ, அமெரிக்கச் சென்ட் குறி, தலையில் கோடு போட்ட யு என்று தெரியும். தேனியில் ஒரு கடையில் வானவில்லில் அடித்து ஃப்ளாப்பியில் கொண்டுவந்த கடிதத்தை, பழனிசெட்டிபட்டியில் பாமினி மட்டும் உள்ள கடையில் திறந்தால் இப்படி ஒரு குப்பைதான் வரும். பக்கத்து ஊருக்குள் ஒரு கடிதம் போய்ச் சேர முடியவில்லை! அதே சமயம் டொராண்டோவிலிருந்து பாமினியில் வந்த கடிதம் அட்சரம் பிசகாமல் திறக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு பொது எண்வரிசை வேண்டும் என்று 1997-ல் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டிலும் அதற்குப் பிறகு மின்னஞ்சல் குழுக்களிலும் பேச்சு சூடுபிடித்தது. அந்த மடலாடலில் பிறந்ததுதான் மேலே சொன்ன டிஸ்கி. அரசாங்கம் எதுவும் கேட்காமல், சம்பளம் எதுவும் வாங்காமல், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சலிலேயே சண்டை போட்டு, சமாதானமாகி உருவாக்கியது. அந்தக் காலத்துக்கு இது சாதாரணக் காரியம் இல்லை.

டிஸ்கிக்கும் ஒரு கண்டம் வந்தது. அதில் "இ" என்ற எழுத்துக்கு 173-ஆம் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஐரோப்பியக் குறிகளின் வரிசையில் அந்த இடம் மென் இணைப்புக்குறிக்கு உரியது. அதாவது நீளமான சொல் வரியின் ஓரத்தில் உடைந்தால் மட்டும் தெரிய வேண்டிய கோடு, மற்ற நேரத்தில் கண்ணுக்குத் தெரியக் கூடாது. இந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றிய மென்பொருள்களில் "இ" மறைந்துபோனது. "இந்தியா" என்று எழுதினால் "ந்தியா". "இலங்கை" என்று எழுதினால் "லங்கை". (இராவணனுக்கு ஆட்சேபணை இருந்திருக்காது!) இங்கேயும் ஃபாண்டில் "இ" என்ற படம் பத்திரமாகவே இருந்தது. எண்ணின் முந்தைய குடித்தனக்காரர்தான் வந்து மறைத்தார். பிறகு 1.7 பதிப்பில் 254-ஆம் இடத்தையும் "இ"க்குக் கொடுத்து ஒருவாறு சமாளித்தார்கள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு டாம், டாப் என்று இரண்டு தரங்களையும், தமிழ்99 என்ற விசைப்பலகையையும் அறிவித்தது. முதலாவது தமிழ் மட்டும் எழுத, இரண்டாவது ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுத. தரம் ஒன்று வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இப்போது டிஸ்கியையும் சேர்த்து மூன்று கிடைத்தன! தமிழ்99 விசைப்பலகை அறிவார்ந்த ஏற்பாடு. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், புள்ளி பல இடங்களில் தானாகவே விழும். ஆனால் "ய ள ன க ப" பழகிய விரல்களுக்கு அது வேற்று மொழி. அரசு வேலைக்கான தட்டச்சுத் தேர்வை இயந்திரத்தில் பழகி எழுதி வந்தவர்களிடம் போய், எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுபடி கற்றுக்கொள் என்றால் யார் கேட்பார்கள்?

இதற்கிடையே வேறொரு பக்கத்தில் உண்மையான தீர்வு மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. உலகத்தின் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே எண்வரிசையில் சொந்த இடம் கொடுக்கும் யூனிகோடின் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. இந்திய மொழிகளுக்கு அது 1988-ல் இந்திய அரசு வகுத்த இஸ்கி என்ற தரத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். "ப" என்றால் 2986. அந்த எண்ணில் ஆங்கிலம் கிடையாது, பிரெஞ்சு கிடையாது, முந்தைய குடித்தனக்காரர் யாரும் கிடையாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதமும் கிடையாது. ஆட்டோகரெக்ட் அதைத் தொட முடியாது.

ஆனால் 1991-ல் பிறந்தது பழனிசெட்டிபட்டி வரைக்கும் வந்து சேரப் பல வருடம் ஆனது. விண்டோஸ் 2000-ல்தான் லதா என்ற யூனிகோடு தமிழ் ஃபாண்ட் கூடவே வந்தது. 2001-ல் வந்த எக்ஸ்பியில்கூடத் தமிழ் தானாக வேலை செய்யாது. கண்ட்ரோல் பேனலில் மொழிகள் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்று ஒரு டிக் போட வேண்டும். போட்டால் விண்டோஸ் சிடியைக் கேட்கும். அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டருக்கு சிடி எங்கே இருக்கும்? அதைச் செய்யாத கம்ப்யூட்டரில் யூனிகோடு தமிழ் தெரியும், ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும். "கொ" மூன்று துண்டாகக் கிடக்கும். இதைப் பார்த்தவர்கள் "யூனிகோடே சரியில்லை" என்று முடிவு கட்டினார்கள்.

வேர்டில் இன்னொரு புதுத் தலைவலியும் வந்தது. இணையத்திலிருந்து யூனிகோடு தமிழை எடுத்து ஒட்டி, அதைத் தேர்ந்தெடுத்து, மேலே ஃபாண்ட் பட்டியலில் பாமினி என்று மாற்றினால்... ஒன்றுமே நடக்காது. அதே லதா. எத்தனை முறை மாற்றினாலும் லதா. காரணம், அந்தத் தமிழின் எண் 2980, 2986 என்று இருக்கிறது. பாமினியிடம் அந்த எண்களுக்குப் படமே இல்லை. இல்லாத படத்தை எப்படிக் காட்டும்? ஆகவே வேர்ட் தானாக லதாவைக் கூப்பிடுகிறது. எதிர்ப்பக்கமாகச் செய்தாலும் அதே கதைதான்: பாமினியில் அடித்ததைத் தேர்ந்தெடுத்து லதாவுக்கு மாற்றினால் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கிலம் வந்து நிற்கும். இது போதாதென்று, வேர்ட் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கில வகைக்கு ஒரு ஃபாண்ட், தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைக்கு இன்னொரு ஃபாண்ட் என்று தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. ஃபாண்ட் பெட்டியைத் திறந்து "காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்ற பகுதியில் வேறொரு யூனிகோடு ஃபாண்டைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் மாறும். அளவுக்கும் தடிமனுக்கும்கூட அங்கே தனிக் கட்டம் இருக்கிறது. ஓப்பன் ஆஃபீஸிலும் இப்படி ஒரு பிரிவினை உண்டு. இதைச் சொல்லித்தர யாரும் இல்லாததால் பலர் யூனிகோடை விட்டுவிட்டுப் பழைய ஃபாண்டுக்கே திரும்பினார்கள்.

டிடிபி கடைக்காரர்கள் யூனிகோடுக்கு மாறாததை சோம்பேறித்தனம் என்று இணையத்தில் பலர் திட்டியது உண்டு. அது நியாயம் இல்லை. அந்தக் கடைகளின் உயிர் வேர்டில் இல்லை, பேஜ்மேக்கரில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நோட்டீஸ் என்று எல்லாம் அதில்தான் ஓடின. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அது கடைசிவரை யூனிகோடு அறியாமலே இருந்து மறைந்தது. அதற்கு வாரிசாக வந்த இன்டிசைனில் இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி 2012-ல் சிஎஸ்6 பதிப்போடுதான் முறையாக வந்தது. அதுவரை யூனிகோடில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்க நினைத்தவர், மணமகள் பெயரின் கொம்பு எந்தப் பக்கம் விழும் என்ற பயத்தோடு அச்சுக்குக் கொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு விதவிதமான அலங்கார எழுத்துகள் எல்லாம் பழைய குறியேற்றத்தில் இருந்தன. யூனிகோடில் ஆரம்பத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஃபாண்டுகள்தான். கடைக்காரர் எடுத்த முடிவு சரியானதே.

இரண்டு உலகங்களுக்கும் நடுவே பாலம் கட்டியவர்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மனியிலிருந்த சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி, ஒரு பெட்டியில் பாமினியையோ டிஸ்கியையோ ஒட்டினால் மறு பெட்டியில் யூனிகோடாகக் கொடுத்தது. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி "தேனீ" என்ற ஃபாண்டை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். (ஊர் தேனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது பூச்சித் தேனீ. ஆனாலும் இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் பெயரைக் கேட்டதும் ஒரு சந்தோஷம் வருவதைத் தடுக்க முடியாது.) வாசிப்பவரின் கம்ப்யூட்டரில் ஃபாண்டே இல்லாவிட்டாலும் இணையப் பக்கத்தோடு சேர்ந்து வந்து தமிழைக் காட்டும்படி அதை அமைத்திருந்தார். 2006-ல் அவர் காலமானார். எ-கலப்பையும், பின்னால் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்ஹெச்எம் ரைட்டரும் செய்த உதவி இன்னும் நுட்பமானது. விரல்கள் பாமினி முறையிலேயே அடிக்கலாம், உள்ளே சேமிக்கப்படுவது மட்டும் யூனிகோடு. முத்தையாவின் விசைப்பலகையை விடாமலே ஆங்கிலத்தின் வாடகை வீட்டைக் காலி செய்ய அப்போதுதான் வழி கிடைத்தது. பிரச்சினை படத்திலும் இல்லை, விரலிலும் இல்லை, எண்ணில்தான் என்பதைப் புரிந்துகொண்டவர்கள் செய்த வேலை இது.

யூனிகோடிலும் தமிழுக்கு மனக்குறை இல்லாமல் இல்லை. இஸ்கி வழியில் போனதால் "க" ஒரு எண், ஆனால் "க்" இரண்டு எண்கள். புள்ளி வைத்த மெய்தானே தமிழில் அடிப்படை, அகரம் ஏறியதுதானே கூட்டு என்று தொல்காப்பியம் படித்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தனி எண் என்ற டேஸ்16 முறை இந்த வாதத்திலிருந்து வந்தது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாகவும், யூனிகோடு சரிவர வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்16-ஐ மாற்றாகவும் அறிவித்தது. அதற்குள் உலாவி, கைபேசி எல்லாம் யூனிகோடு பக்கம் சாய்ந்துவிட்டதால் போட்டி பெரிதாக நடக்கவில்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து நிர்மலா என்ற ஃபாண்டும் கூடவே வருகிறது.

அப்படியானால் கதை முடிந்ததா? புதிதாக எழுதுவதற்கு முடிந்தது. ஏற்கெனவே எழுதியவற்றுக்கு முடியவில்லை.

1990-களிலும் 2000-களிலும் அடித்த மனுக்கள், சங்கத் தீர்மானங்கள், கோயில் கணக்குகள், ஆய்வேடுகள், சிறுபத்திரிகைகள் எல்லாம் இன்னும் ஏதோ ஒரு ஹார்டு டிஸ்கில் 103, 71 என்ற எண்களாகக் கிடக்கின்றன. அந்தக் கோப்புகளில் "பழனிசெட்டிபட்டி" என்று தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கம்ப்யூட்டர் பார்வையில் அவை அர்த்தமில்லாத ஆங்கிலம். திறக்க ஃபாண்ட் வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் எந்தக் குறியேற்றம் என்று தெரிய வேண்டும். இதில் முன்யோசனையாக நடந்துகொண்டது 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கிய அந்தத் தன்னார்வலர்கள், ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இது டிஸ்கி, இன்ன பதிப்பு என்று எழுதிவைத்தார்கள். ஊறுகாய் ஜாடியில் தேதி எழுதி ஒட்டுவதுபோல. அதனால்தான் பின்னால் மொத்தத்தையும் யூனிகோடுக்குக் கொண்டுவர முடிந்தது. அலுவலகங்களிலும் கடைகளிலும் அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை.

வேர்ட் கோப்பாக இருந்தால் ஒரு வழி உண்டு. எழுத்து குப்பையாகத் தெரிந்தாலும், கர்சரை அதன் மேல் வைத்தால் ஃபாண்ட் பெட்டியில் பழைய பெயர் அப்படியே நிற்கும்; அந்த ஃபாண்ட் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். அந்தப் பெயரே குறியேற்றத்துக்கான துப்பு. அதை வைத்துச் சரியான மாற்றியைத் தேர்ந்தெடுக்கலாம். செய்யக் கூடாத ஒன்று, குப்பையைப் பார்த்த எரிச்சலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வேறு ஃபாண்டுக்கு மாற்றிச் சேமிப்பது. அதோடு துப்பும் அழிந்துவிடும். பிறகு அனுமானம்தான்.

மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்றி எண்ணை மட்டுமே பார்க்கும். 103 வந்தால் "ப" என்று எழுதும், 71 வந்தால் "பு" என்று எழுதும். என்றைக்கோ ஆட்டோகரெக்ட் திருத்திவைத்து, அவசரத்தில் யாரும் கவனிக்காமல் விட்ட இடங்களை அதனால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பழைய பாமினிக் கோப்பு ஒன்று யூனிகோடாகி வெளியே வரும்போது, வாக்கியத்தின் தொடக்கத்தில் அந்த "புழனிசெட்டிபட்டி" அப்படியே கூட வருகிறது. முன்பு அது கண்ணுக்கு மட்டும் தெரிந்த பிழை. இப்போது சொந்த எண்ணோடு, தேடினால் கிடைக்கக்கூடிய ஒரு ஊராகவே ஆகிவிடுகிறது. ஊர்ப் பெயர் என்றால் படிப்பவர் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். ஆள் பெயரோ, இனிஷியலோ, பத்திரத்தில் வருகிற தகப்பன் பெயரோ என்றால் மூலக் காகிதத்தை எடுத்து வைத்து ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் கண்ணால் ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.